கழட்டி வச்ச ஆரன்

மொதல்லயே சொல்லிட்றேன், பேய் பிசாசு, காத்து கருப்பு, இதையெல்லாம் நம்புற ஆளு நான் கெடையாது. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு சிப்காட்ல ஒரு கம்பெனி லேப்ல வேல பாக்குறேன். ஒரு சாம்பிள் ரிசல்ட் தப்பா வந்தா மிஷின்ல கோளாறா இல்ல என் கையில கோளாறான்னுதான் பாப்பேன், எலுமிச்சம்பழம் தேடிப் போகமாட்டேன். எங்க லேப்ல யாரோ பின்னாடி நடக்குற சத்தம் கேக்குதுன்னு சொன்ன பொண்ண நானே புடிச்சுத் திட்டியிருக்கேன். அதனால நீங்க இப்ப சிரிக்கப் போறீங்கன்னு தெரியும். சிரிங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சிரிங்க. இன்னொண்ணு, அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளையிட்டுச்சுன்னு எதையும் எதிர்பாக்காதீங்க. பட்டப்பகல்ல, வெயில் மண்டையப் பொளக்குறப்ப, சிதம்பரத்துலேர்ந்து கடலூர் போற ரோட்டுல நடந்தது இது.

எங்க வூடு சிதம்பரத்துல, வேல கடலூர் சிப்காட்ல. பஸ்ஸ நம்புனா ஒருநாள் போனா ஒருநாள் லேட்டு. ஸ்கூட்டில போய்ப் போய் என் முதுகு போச்சு, பக்கத்துல டேங்கர் லாரி போனா அந்தக் காத்துலயே வண்டி ஒருபக்கமா இழுக்கும். அதோட எங்கம்மாவுக்கு சுகர், அதுல வலது தோள்பட்ட இறுகிப்போயி கை நெஞ்சுக்கு மேல ஏறாது. தல சீவி விடுறதே நான்தான். வாரத்துல ஒருநாள் கடலூர்ல பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போவணும், பஸ்ல கம்பியப் புடிச்சு நிக்க அதால முடியாது. அதனால பின்னாடி சாஞ்சு உக்கார நல்ல சாய்மானம் வச்ச, கனமான, ஆடாம அசையாமப் போற டூரிங் பைக் ஒண்ணு வாங்கணும்னு முடிவு பண்ணேன். ஆசையும் இருந்துச்சு, மறைச்சு என்ன. முன்னாடி கண்ணாடி, பெரிய டேங்கு, ரெண்டு பக்கமும் பொட்டி, அதப் பாத்தாலே எனக்கு எங்கயாச்சும் தூரமாப் போவணும்னு தோணும்.

புதுசு வாங்க வசதி இல்ல. ஓசூர்ல ஒரு ஐடி பையன் விக்கிறான்னு போன்ல பாத்தேன். அவ்ளோதான், ஊரே கூடிருச்சு. "அவன் எதுக்கு விக்கிறான்னு யோசிச்சியா?" இதத்தான் எல்லாரும் கேட்டாங்க. எங்க தாய்மாமன், அம்மாவோட தம்பி, அவருதான் ரொம்ப. "ஏ புள்ள, செகண்ட் ஹேண்ட் வண்டி நடுரோட்டுல நின்னுச்சுன்னா இந்த எருமைய நீ தள்ளுவியா, ஒங்கம்மா தள்ளுவாளா?"ன்னாரு. எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். இஞ்சின பிரிச்சு மேஞ்சிருப்பானா, மீட்டரத் திருப்பி வச்சிருப்பானா, எங்கயாச்சும் போட்டு அடிச்சிட்டு பெயிண்ட் அடிச்சு நிக்க வச்சிருப்பானான்னு தூக்கமே இல்ல. போய்ப் பாத்தேன். ஒரே ஓனர். பெங்களூரு, ஊட்டி, மைசூருன்னு சுத்தியிருக்கான், சேலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி வந்ததே இல்லன்னு அவனே சொன்னான். இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும். நானே ஓட்டிட்டு வந்தேன், வழியில ஒரு குறையும் இல்ல.

வந்ததும் மெக்கானிக் சேகர் அண்ணன்கிட்ட காட்டினேன். மனுஷன் நல்லவருதான், ஆனா நான் கேள்வி கேட்டா பதில எங்க மாமாவப் பாத்து சொல்வாரு. "செயின் லூசா இருக்காண்ணா?"ன்னு நான் கேக்குறேன், அவரு மாமாவப் பாத்து "செயின்லாம் நல்லாருக்கு மாமா"ங்கறாரு. வண்டி என் பேருல, லோன் என் பேருல, பதில் மட்டும் பக்கத்துல நிக்கிற ஆம்பளைக்கு. எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு எங்கம்மா சொல்லும். வராம என்ன பண்ணும், நீங்களே சொல்லுங்க.

அப்பா எங்கன்னு கேப்பீங்க. கேளுங்க, எல்லாரும் கேக்குறதுதான். அந்தாளு டெம்போ வேன் ஓட்டிக்கிட்டிருந்தாரு, பரங்கிப்பேட்டையிலேர்ந்து கடலூருக்கு மீன் லோடு. நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப ஏஜெண்ட் மூலமா வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனாரு. கொஞ்சநாள் போன் வந்துச்சு, அப்பறம் அதுவும் இல்ல. அந்தப் பக்கம் வேலைக்குப் போன புள்ளைங்க பரங்கிப்பேட்டையில வூட்டுக்கு ஒண்ணு இருக்கும், மாமா ஒவ்வொரு வூடா ஏறி எறங்கி விசாரிச்சாரு, பாத்தேன்னு ஒருத்தரும் சொல்லல. இருக்காரா, செத்தாரா, வேற குடும்பம் வச்சிக்கிட்டாரா, ஒண்ணும் தெரியாது. எங்க சொந்தத்துல கல்யாணம் காட்சின்னா குங்குமத் தட்ட எடுத்துட்டு வர்ற பொம்பள அம்மாகிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் தயங்கும் பாருங்க, அந்தத் தயக்கத்துக்கே அந்தாள நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும்னு எனக்குத் தோணும். மாமா பல வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாரு, போட்டோவ வச்சு கருமாதி பண்ணிடலாம்னு. ஆளு காணாமப் போயி வருஷக்கணக்குல சேதி இல்லன்னா அப்படிப் பண்றது உண்டு. நானும் பண்ணுங்கன்னுதான் சொன்னேன். அம்மா மட்டும் ஒத்துக்கல. "உசுரோட இருக்கறவருக்கு யாராச்சும் பண்ணுவாங்களா?"ன்னு ஒரே வார்த்த. காலைல குளிச்சதும் மொத வேலையா இடது கையால பொட்டு வச்சுக்கும்.

சரி, வண்டிக்கு வர்றேன்.

மொதநாள் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன். பெரியப்பட்டு தாண்டி, புதுச்சத்திரம் வர்றதுக்கு முன்னாடி, நான் தொடவே இல்ல, ஆரன் அடிக்குது. ரெண்டு தடவ. பீப், பீப். முன்னாடி மொபெட்ல போய்க்கிட்டிருந்த பெரியவரு திடுக்குனு வளைச்சு, திரும்பிப் பாத்து, என் பொறப்பையே இழுத்துத் திட்டிட்டுப் போனாரு. ரோட்டுல குறுக்க ஒரு காக்கா கூட இல்ல. கை தெரியாம பட்டிருக்கும்னு விட்டுட்டேன். மறுநாள் திரும்ப அடிச்சுது. அதுக்கு மறுநாளும். சாயங்காலம் திரும்பி வர்றப்ப அடிக்காது, காலைல போறப்ப மட்டும்தான்.

பல்லக் கடிச்சுக்கிட்டு ஓசூர்காரனுக்குப் போன் போட்டேன். "ஏங்க, ஆரன்ல கோளாறுன்னு தெரிஞ்சேதான வித்தீங்க?" அவன் சத்தியம் பண்றான், "மேடம், நான் வச்சிருந்த வரைக்கும் அப்படி ஒரு தடவகூட ஆனதில்ல." நான் வுடுவேனா, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். சேகர் அண்ணன் சுவிட்ச்ச மாத்துனாரு. அடிச்சுது. ஒயர மாத்துனாரு. அடிச்சுது. ரோட்டுல அந்த எடத்துல ஏதோ மேடு இருக்கும், அதிர்வுல ரெண்டு ஒயரு ஒட்டுதுன்னாரு. நாலு வழிச் சாலை, தார் போட்டு இன்னும் பளபளப்பு போகல, மேடாவது பள்ளமாவது. ஆனாலும் ஓரமாப் போய்ப் பாத்தேன், நடுவுல போய்ப் பாத்தேன், உருட்டுற மாதிரி மெதுவாப் போய்ப் பாத்தேன். எப்படிப் போனாலும் அதே எடத்துல ரெண்டு தடவ. அங்க என்னதான் இருக்குன்னு எறங்கிப் பாத்தேன். ஒரு மண்ணும் இல்ல. இந்தப் பக்கம் காலி நெலம், முள்ளுச்செடி, அந்தப் பக்கம் வயலு. ஒரு மரம், ஒரு கடை, ஒரு போர்டு கூட கெடையாது.

நான் பயப்படல, நம்புங்க நம்பாட்டி போங்க. எனக்கு வந்தது ஆத்திரம். இவ்ளோ யோசிச்சு, இவ்ளோ பேர்கிட்ட பேச்சு வாங்கி, லோன் போட்டு ஒரு வண்டி வாங்குனா அது என்னய நடுரோட்டுல வச்சு எல்லார்கிட்டயும் திட்டு வாங்க வைக்குது. மாமா வேற, "நான் சொன்னேன்ல, அவன் எதுக்கு விக்கிறான்னு" அப்படின்னு ஆரம்பிச்சிட்டாரு. இன்னைக்கு ஆரன் தானா அடிக்குது, நாளைக்கு பிரேக் தானா புடிச்சா? அம்மாவ பின்னாடி உக்கார வச்சு எந்த தைரியத்துல ஓட்டுறது?

ஓசூர்காரனும் பாவம், நான் போட்ட சண்டையில வெறுத்துப்போயி, "வண்டியக் கொண்டாந்து விட்டுடுங்க மேடம், நானே திரும்ப எடுத்துக்கறேன்"னுட்டான். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுட்றதுன்னு முடிவு. அதுக்குள்ள அம்மாவ ஒருதடவ தெரபிக்குக் கூட்டிட்டுப் போவணும். அந்த ஒருநாளைக்காக சேகர் அண்ணன்கிட்ட போயி, "ஆரனையே கழட்டிக் குடுங்க"ன்னேன்.

அவரு மாமாவத் தேடுறாரு. மாமா வரல. வேற வழியில்லாம மொத தடவையா என் மூஞ்சப் பாத்துப் பேசுனாரு. "ஆரன் இல்லாம ஓட்டக் கூடாதும்மா."

"ஒருநாள்தாண்ணா. மெதுவாப் போய்க்கறேன். கழட்டுங்க."

கழட்டி என் கையிலயே குடுத்தாரு. நான் அத ஒரு துணிப்பையில போட்டு, வூட்டுல அரிசி டிரம்முக்கு மேல வச்சேன். மறுநாள் காலைல கெளம்பறப்பவும் அது அங்கதான் இருந்துச்சு, வேணும்னே தொட்டுப் பாத்துட்டுதான் கெளம்புனேன். பைத்தியம்னு நெனச்சுக்கங்க.

அம்மா ஏறும்போது, "இந்த வண்டிய நம்பி ஏறலாமா பாப்பா?"ன்னுச்சு. ஆரன் விஷயம் எதுவும் அதுகிட்ட நான் சொல்லல. சுகர்காரங்க, பயந்துக்கும். எந்த எடத்துல அடிக்குதுன்னு மாமாகிட்ட கூடச் சொல்லல, ஆரன் கோளாறுன்னு மட்டும்தான் சொல்லியிருந்தேன். "ஏறும்மா"ன்னேன். ஹெல்மெட்டப் போட்டு விட்டேன். இடது கையால என் தோளப் புடிச்சுக்கிச்சு, வலது கைய மடியில வச்சுக்கிச்சு.

பு.முட்லூர் தாண்டுச்சு, பெரியப்பட்டு தாண்டுச்சு. ஆரனே இல்ல, எப்படி அடிக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். அந்த எடம் வருது.

அடிச்சுது.

ரெண்டு தடவ. ஆனா இந்த வண்டி ஆரனோட சத்தம் இல்ல அது. இது கூர்மையா கத்தும். அது கரகரன்னு, தொண்டையில சளி கட்டுன மாதிரி, பழைய வண்டி ஆரன். பின்னாடி வேற வண்டியான்னு கண்ணாடியப் பாத்தேன். ரோடு காலி. கண்ணாடியில தெரிஞ்சது எங்கம்மா. என் தோள்மேல இருந்த கை இல்ல. ரெண்டு கையையும் சேத்து, ஹெல்மெட்டுக்கு மேல தூக்கி, கண்ண மூடி கும்பிட்டுக்கிட்டிருக்கு. ரெண்டு கையும். தெரபிஸ்ட் எவ்ளோ இழுத்தும், நான் தெனமும் எண்ண தேச்சு நீவியும், நெஞ்சுக்கு மேல வராத கை.

எப்படியோ ஓரம் கட்டி நிறுத்துனேன். திரும்பிப் பாத்தா அம்மா கைய எறக்கி மறுபடி மடியில வச்சிருக்கு, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"ம்மா, என்னா பண்ண நீ?"

"முனீஸ்வரன் கோயிலு வந்துச்சே, கும்புட்டேன்."

"எந்தக் கோயிலு? இங்க கோயிலே இல்லம்மா!"

அப்பதான் அது கண்ணத் தொறந்து அக்கம்பக்கம் பாத்துச்சு. அப்பறம் மெதுவாச் சொல்லுச்சு. நாலு வழி போடறதுக்கு முன்னாடி அங்க ரோட்டோரத்துல ஒரு முனீஸ்வரன் இருந்தாராம், ஒரு செலயும் சூலமும் ரெண்டு பனமரமும், ரோட்ட அகலப்படுத்தறப்ப எடுத்துட்டாங்க. "லோடு ஏத்திக்கிட்டுப் போறப்ப ஒங்கப்பா இங்க ரெண்டு தடவ அடிப்பாரு. நான் கூட வந்தன்னா கும்புட்டுக்குவேன். அதான் ஆரன் சத்தம் கேட்டதும் கையி தானா போயிடுச்சு."

"வர்றப்ப?"

நான் ஏன் அதக் கேட்டேன்னு எனக்கே தெரியல.

"வர்றப்ப அடிக்கமாட்டாரு. போறதுக்குத்தான் சாமிகிட்ட சொல்லிட்டுப் போவணும், வூட்டுக்கு வர்றதுக்கு யாருகிட்ட சொல்லணும்பாரு."

எனக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுது. அந்த ரோட்டோரத்துல ஹெல்மெட்டக் கழட்டிக் கீழ போட்டுட்டு நான் கத்துனேன், அம்மாவப் பாத்து இல்ல, அந்தக் காலி எடத்தப் பாத்து. "சாமிக்கு ஆரன் அடிக்க வழி தெரியுதுல்ல? சிதம்பரத்துல எங்க வூடு எங்க இருக்குன்னு தெரியாதா? கோயிலயே எடுத்தாச்சு, எடுத்த கோயிலுக்குக் கும்புடு போட வர்ற ஆளு, இருக்குற பொண்டாட்டியப் பாக்க வரக்கூடாதா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன், இங்க சொல்ல முடியாது. பஸ்ல போனவங்க எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. அம்மா தடுக்கல. முடிச்சதும் ஹெல்மெட்ட எடுத்து மண்ணத் தட்டிக் குடுத்துச்சு.

"ஆரன் இருக்கா வண்டியில?"ன்னு கேட்டுச்சு.

"இல்லம்மா. நேத்தே கழட்டி அரிசி டிரம்முமேல வச்சிட்டேன்."

"ம்"னுச்சு. அவ்ளோதான். தெரபிக்குப் போனோம், கைய இழுத்துப் பாத்தாங்க, நெஞ்சு வரைக்கும்தான் வந்துச்சு. அதுக்கு மேல வரல. இன்னைக்கு வரைக்கும் வரல.

வூட்டுக்கு வந்ததும் அம்மா நேரா போயி அந்தத் துணிப்பையத் தொட்டுப் பாத்துச்சு. அப்பறம் குளிச்சிச்சு. குளிச்சிட்டு வந்து பொட்டு வைக்கல. "மாமாவுக்குப் போன் போடு பாப்பா, கருமாதி பண்ணிடலாம்"னுச்சு. அழுவல. அதுக்கு எப்படித் தெரியும், எந்தத் தகவலும் இல்லாம எப்படி முடிவு பண்ணுச்சுன்னு நான் கேக்கல, அதுவும் சொல்லல. இத்தினி வருஷம் பண்ணுங்க பண்ணுங்கன்னு கத்துன நான்தான் அன்னைக்கு "வேணாம்மா"ன்னு அழுதேன்.

கொள்ளிடக் கரையில பண்ணோம். மாமாதான் எல்லாம் பாத்துக்கிட்டாரு. அதிசயமா அன்னைக்கு ஒரு வார்த்த தப்பாப் பேசல.

ஞாயித்துக்கிழமை ஓசூருக்கு நான் போவல. வண்டிய வச்சுக்கிட்டேன். மழை, வெயிலு, ஷிப்டு, தெரபி, எதுக்கும் அது என்னய ஒருநாளும் நடுவழியில விட்டதில்ல. நம்பகமான வண்டி. எனக்குத் தெரிஞ்ச ஆம்பளைங்க பல பேர விட நம்பகம்.

கருமாதி முடிஞ்சு ஆரன திரும்ப மாட்டுனேன். வாசல்ல அடிச்சுப் பாத்தேன், தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி அடிச்சுது. பு.முட்லூர்ல அடிக்குது, கடலூர்ல அடிக்குது, எங்க அமுக்குனாலும் அடிக்குது. அந்த எடத்துல மட்டும் அடிக்கல. தானா அடிக்கலன்னு நான் சொல்லல, நான் அமுக்குனாலும் அடிக்கல. போன வாரம் ஒரு ஆடு குறுக்க ஓடியாந்துச்சு, கட்டவிரல் வலிக்க அமுக்குறேன், மூச்சு இல்ல. பிரேக்கப் போட்டுத் தப்பிச்சேன். கொஞ்சதூரம் தள்ளிப் போய் அமுக்குனா கணீர்னு அடிக்குது. சேகர் அண்ணன்கிட்ட சொல்லல, சொன்னா சுவிட்ச்ச மாத்துவாரு.

சாயங்காலம் நான் உள்ள நுழைஞ்சதும் அம்மா கேக்கும், "அடிச்சுதா?" இல்லம்மான்னா தலைய ஆட்டிட்டு டீ போடப் போயிடும்.

சாமிகிட்ட சொல்லிட்டுப் போன மனுஷன், ரெண்டாங்கிளாஸ் படிச்ச என்கிட்ட சொல்லிட்டுப் போவல. எழுப்புனா அழுவேன்னு தூங்குறப்பவே போயிட்டாரு. நான் தெனமும் காலைல அந்த எடம் வந்ததும் ரெண்டு தடவ அமுக்குறேன். சத்தம் வராதுன்னு தெரியும். பாசம்னு மட்டும் நெனச்சுடாதீங்க, கோவத்துலதான் அமுக்குறேன்.